கல்லும் கான்கிரீட்டும் ஒளியும்

நுழையும்முன்

ஒளிப்படக்கருவி இன்று பெரும்பாலான வீடுகளில் கைப்பேசிக்குள் இருக்கிறது. காலையில் புறப்பட்டு மாலைக்குள் வீடு திரும்பும் தொலைவிலேயே, இந்தியப் பெருநகரங்களில் காணத்தக்க கட்டடங்கள் பல உள்ளன. ஒரு கட்டடத்தை எவ்வாறு நோக்குவது, எவ்வாறு படம்பிடிப்பது, அப்படம் பின்னாளில் எதற்குப் பயன்படும் என்பவற்றைத் தில்லி மாநகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பாடம் விளக்குகிறது. பிற நகரங்களில் வாழும் மாணவர்கள் தத்தம் நகரின் கட்டடங்களை நினைவிற்கொண்டு படிக்கலாம்.

சன்னலுக்கு வெளியே

உலகில் இன்றும் அழியாமல் இருக்கும் மிகப் பழைய கருவி ஒளிப்படம், கட்டடங்களின் படமே. பிரான்சு நாட்டில் நைசிஃபோர் நியெப்ஸ் என்பவர் 1826 அல்லது 1827ஆம் ஆண்டில் தம் வீட்டு மாடிச் சன்னலிலிருந்து அதை எடுத்தார். கூரைகளும் சுவர்களும் மங்கலாகத் தெரியும் அப்படத்தில் ஒரு விந்தை உண்டு. எதிரெதிரே நிற்கும் சுவர்கள் இரண்டின் மீதும் வெயில் விழுந்திருக்கிறது. ஒரே நேரத்தில் இது நிகழ முடியாது. அந்நாளைய தகடு ஒளியை மிக மெதுவாகவே ஏற்றது. எட்டு மணி நேரம் திறந்து வைக்கப்பட்டது என்று பொதுவாகச் சொல்வர். அதைவிடவும் நீண்டது என்பாரும் உளர். அதற்குள் கதிரவன் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சென்றுவிட்டான். காலை வெயிலும் மாலை வெயிலும் ஒரே படத்தில் பதிந்துவிட்டன.

தொடக்கக் காலத்தில் ஒளிப்படக் கலைஞர்கள் கட்டடங்களை நாடியதற்குக் காரணம் எளியது. கட்டடம் அசையாது. மனிதர் அசைவர்; மரக்கிளை அசையும்; நீர் அசையும். பழைய கோயில் படங்களில் திருச்சுற்றுகள் ஆளரவமற்றுக் காணப்படுவதைக் கண்டு, அக்காலத்தில் கோயிலுக்கு மக்கள் வரவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. நடமாடியவர்கள் படத்தில் பதியவில்லை; அவ்வளவே.

லின்னேயஸ் டிரைப் என்னும் படை அதிகாரி சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராகப் பணியாற்றியவர். 1858ஆம் ஆண்டில் அவர் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், மதுரை முதலிய ஊர்களுக்குச் சென்று கோயில்களையும் அரண்மனைகளையும் படமெடுத்தார். கண்ணாடியைவிடச் சுமை குறைந்த, மெழுகூட்டிய தாளில் அவர் எதிர்ப்படங்கள் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றிலும் வெட்டப்பட்டுள்ள கல்வெட்டுகளைத் துண்டு துண்டாகப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே நீண்ட சுருளாக்கினார். அதன் நீளம் ஏறத்தாழ 19 அடி. அழகுக்காக எடுக்கப்பட்ட படம் அன்று அது; படிப்பதற்காக எடுக்கப்பட்டது. மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனையையும் அவர் படமெடுத்தார். சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு (1866–1872) காலத்தில் அவ்வரண்மனை பழுதுபார்க்கப்பட்டது. பழுதுபார்ப்பதற்கு முன் அது சிதைந்து கிடந்த கோலத்தை இன்று காண விரும்புவோர்க்கு டிரைப்பின் படங்கள் துணை செய்கின்றன.

கதிரவன் நிற்கும் திசை

கட்டடத்தைப் படமெடுப்பவர் முதலில் அறிய வேண்டியது கருவியைப் பற்றியன்று, கதிரவனைப் பற்றி.

நிசாமுதீன் பகுதியில் உள்ள உமாயூன் கல்லறையை எடுத்துக்கொள்வோம். முகலாய மன்னர் உமாயூனுக்காக அவருடைய மனைவி ஆஜி பேகம் எழுப்பிய இக்கட்டடம் 1570ஆம் ஆண்டையொட்டி நிறைவுற்றது. செந்நிற மணற்கல்லும் வெண்பளிங்கும் கலந்து அமைந்தது; 1993 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். இங்கு வருவோர் மேற்கு வாயில் வழியாக நுழைகின்றனர். காலை எட்டு மணிக்கு நுழைபவரின் எதிரே கல்லறையும், அதற்குப் பின்னால் கதிரவனும் நிற்கும் நிலை அது. எடுக்கப்படும் படத்தில் வானம் வெளுத்தும் கட்டடம் கறுத்தும் காணப்படும். பலர் அங்கேயே நின்று பத்துப் படம் எடுத்துக்கொண்டு, "படம் இருட்டாக வந்துவிட்டது" என்று கருவியைக் குறை கூறியவாறு திரும்புவர். மேடையைச் சுற்றிக் கிழக்குப் பக்கம் சென்றிருந்தால் செங்கல் நிறத்துச் சுவர் முழுவதும் வெயிலில் ஒளிர்வதைக் கண்டிருப்பர். மேற்கு முகப்பே வேண்டும் என்பவர் பிற்பகல் மூன்று மணிக்குமேல் வரவேண்டும். நிழலுருவாகத் தெரியும் குவிமாடமே வேண்டும் என்பவர்க்கோ காலை நேரமே பொருத்தம். எது வேண்டும் என்பதை முடிவு செய்துகொண்டு புறப்படுவதே முறை.

தில்லியின் வெயிலுக்கும் தமிழ்நாட்டின் வெயிலுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. தில்லி கடகரேகைக்கு வடக்கே உள்ளது. ஆதலால் அங்கு ஆண்டின் எந்த நாளிலும் கதிரவன் நேர் உச்சிக்கு வருவதில்லை. நண்பகலில் எப்போதும் தெற்கே சற்றுச் சாய்ந்தே நிற்கிறான். குளிர்காலத்தில் இச்சாய்வு மிகுதி. தெற்கு நோக்கிய சுவர் பகல் முழுவதும் ஒளி பெறும். வடக்கு நோக்கிய சுவர் மாதக்கணக்கில் நிழலிலேயே கிடக்கும். சென்னையிலோ ஏப்ரல் மாதப் பிற்பகுதியிலும் ஆகஸ்டு மாத நடுவிலும் கதிரவன் நேர் உச்சியில் வருகிறான். அவ்விரு நாள்களுக்கு இடைப்பட்ட காலத்தில் நண்பகல் வெயில் வடக்கிலிருந்து விழும். கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும் மாணவர் ஒருவர், தில்லியில் கற்ற திசைக்கணக்கை மதுரையிலோ தஞ்சையிலோ அப்படியே கொண்டுபோனால் ஏமாறுவார்.

வெயில் சாய்வாக விழும்போதுதான் கல்லின் செதுக்குவேலை கண்ணுக்குத் தெரியும். உச்சி வெயிலில் எழுத்தும் கொடியும் பூவும் சுவரோடு சுவராகத் தட்டையாகிவிடும். தில்லியில் நவம்பர் முதல் சனவரி வரை புகைமூட்டம் இருப்பதால் தொலைவுக் காட்சிகள் மங்கிவிடும். மழைக்காலத்தில், மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை வானம் கழுவியது போல் இருக்கும். படமெடுக்க அதனினும் நல்ல நாள் தில்லியில் அரிது.

நிமிர்ந்த கோபுரம், சாய்ந்த படம்

மெகரௌலியில் உள்ள குதுப் மினார் 72.5 மீட்டர் உயரமுடையது. குத்புதீன் ஐபக் தொடங்க, இல்துத்மிஷ் தொடர்ந்து கட்ட, இடி தாக்கிய பின் பிரோசு ஷா துக்ளக் மேல்பகுதியைத் திருத்திக் கட்டினார். அடியில் ஏறத்தாழ 14 மீட்டர் குறுக்களவு கொண்ட கோபுரம் உச்சியில் மூன்று மீட்டருக்கும் குறைவாக ஒடுங்குகிறது. அதன் காலடியில் நின்று கைப்பேசியை அண்ணாந்து பிடித்தால், இயல்பிலேயே ஒடுங்கும் கோபுரம் மேலும் ஒடுங்கி, பின்பக்கம் விழப்போவது போலப் படத்தில் தோன்றும். இது கோபுரத்தின் பிழையன்று. கருவியை மேல்நோக்கிச் சாய்த்தால், நேர்நிற்கும் கோடுகள் எல்லாம் மேலே செல்லச் செல்ல நெருங்குவதாகவே பதியும்.

இதைத் தவிர்க்க எளிய வழி ஒன்று உண்டு. கருவியைச் சாய்க்காமல், சுவர் நிற்பது போலவே செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடக்க வேண்டும். உச்சி படத்துக்குள் வரும்வரை நடக்க வேண்டும். அப்போது படத்தின் கீழ்ப்பாதியில் தரையே நிறைந்திருக்கும். வேண்டாத தரையைப் பின்னர் வெட்டிவிடலாம். பின்னோக்கிச் செல்ல இடம் இல்லாதபோது, முழுக் கட்டடத்தையும் எடுக்கும் ஆசையை விட்டுவிட்டு ஒரு பகுதியை மட்டும் எடுப்பதே நேர்மையானது. பழைய பெட்டிக் கருவிகளில் வில்லையை மட்டும் தனியே உயர்த்தும் வசதி இருந்தது. அதனால்தான் பழைய படங்களில் தூண்கள் நேராக நிற்கின்றன.

உயரத்தைக் காட்ட மற்றொரு வழி, அளவுகோலாக ஒரு மனிதரை வைப்பது. கட்டடத்தின் அருகில் நடந்து செல்லும் ஒருவர், முகம் தெரியாத தொலைவில், ஒரு விரல்நுனி அளவில் இருந்தால் போதும். முகம் தெரியுமளவுக்கு அண்மையில் எடுப்பதாயின் அவருடைய இசைவைப் பெற வேண்டும்.

மினாரின் அருகே புல்வெளியில் ஒரு சிறு மண்டபம் தனித்து நிற்கிறது. வந்து போவோர் அதைப் பொருட்படுத்துவதில்லை. 1828ஆம் ஆண்டு ராபர்ட் சுமித் என்னும் ஆங்கிலப் பொறியாளர் மினாரைப் பழுதுபார்த்தபோது அதன் உச்சியில் இதை வைத்தார். கோபுரத்தோடு பொருந்தவில்லை என்று 1848ஆம் ஆண்டு இது கீழே இறக்கப்பட்டது. இருபது ஆண்டுகள் மினாரின் தலையில் இருந்த பொருள் இது! மினாரை நூறு கோணத்தில் எடுத்துவிட்டு இதை எடுக்காமல் திரும்புவது, நூலைப் படித்துவிட்டு ஒரு பக்கத்தைக் கிழித்தெறிவதை ஒக்கும்.

வெண்மையும் நிழலும்

கல்காஜியில் உள்ள தாமரைக் கோயில் 1986ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பகாய் வழிபாட்டிடம். ஃபரிபோர்ஸ் சாபா என்னும் கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. வெண்பளிங்கு போர்த்திய 27 இதழ்களும், சுற்றிலும் ஒன்பது நீர்நிலைகளும் கொண்டது. கருவி தான் காணும் காட்சி அனைத்தும் சராசரியான சாம்பல் நிறம் என்று கருதிக்கொண்டு ஒளியளவைத் தீர்மானிக்கும். ஆகவே படச்சட்டம் முழுவதும் வெண்மை நிறைந்திருந்தால் அதைச் சாம்பல் நிறமாக்கிவிடும். திரையில் இதழைத் தொட்டு, ஒளியளவைச் சிறிது கூட்டினால் வெண்மை மீளும். மிகுதியாகக் கூட்டினால் இதழ்களின் வளைவும் பளிங்குப் பலகைகளின் இணைப்புக் கோடுகளும் மறைந்துவிடும். கோயிலின் உள்ளே படமெடுக்க இசைவு இல்லை, பேசவும் கூடாது. படமெடுக்க முடியாத இடத்தில் கண்ணால் மட்டும் காண்பதும் ஒரு பயிற்சியே. திங்கட்கிழமைகளில் கோயில் மூடப்பட்டிருக்கும்.

கன்னாட் பிளேசுக்கு அருகில் உள்ள ஜந்தர் மந்தர், செய்ப்பூர் மன்னர் இரண்டாம் சவாய் செய்சிங் 1724ஆம் ஆண்டில் அமைத்த வானாய்வுக்கூடம். அங்குள்ள சாம்ராட் யந்திரம், படிக்கட்டுடன் கூடிய ஒரு பெரிய முக்கோணச் சுவர். அதன் சாய்வு தில்லியின் அகலாங்குக்குச் சமமாக, 28 பாகைக்குச் சற்று மிகுதியாக அமைந்துள்ளது. அச்சுவரின் விளிம்பு புவியின் அச்சுக்கு இணையாக நிற்பதால், அதன் நிழல் இருபுறமும் வளைந்து செல்லும் அளவுச்சுவர்களின் மீது மணியைக் காட்டும். இக்கட்டடத்தில் படமெடுக்கத்தக்கது கல் அன்று, நிழல். ஒரே இடத்தில் நின்று அரை மணிக்கு ஒரு படமாக நான்கு படங்கள் எடுத்து வரிசையாக வைத்தால், இக்கட்டடம் என்ன வேலை செய்கிறது என்பது ஒரு சொல்லும் இல்லாமல் விளங்கிவிடும்.

ஆனால் இன்று அவ்வேலை முழுமையாக நடைபெறுவதில்லை. சுற்றிலும் எழுந்த உயர்ந்த அலுவலகக் கட்டடங்கள் காலை வெயிலையும் மாலை வெயிலையும் மறைக்கின்றன. அவ்வுயர் கட்டடங்களைப் படத்திலிருந்து நீக்கிவிட்டு யந்திரத்தை மட்டும் காட்ட முயல்வோரே மிகுதி. அவற்றையும் சேர்த்து எடுக்கும் படம் அழகில் குறையலாம், உண்மையில் குறையாது.

ஒரு செய்தி. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் பதினைந்து வயதுக்கு உட்பட்டோர்க்கு நுழைவுக்கட்டணம் இல்லை. கையில் பிடித்துப் படமெடுக்கலாம். முக்காலியை நிறுத்தி எடுக்க முன்னிசைவு பெற வேண்டும். சுவர்மேல் ஏறுதல், கல்லின் மீது சாய்ந்து அமர்தல் ஆகியவற்றைத் தவிர்த்தல் வேண்டும்.

நாற்பத்தைந்து ஆண்டுகள்

1972ஆம் ஆண்டு தில்லி பிரகதி மைதானத்தில் 'ஆசியா 72' என்னும் பன்னாட்டு வணிகக் கண்காட்சி நடைபெற்றது. இந்திய விடுதலையின் வெள்ளிவிழா ஆண்டு அது. அதற்கென எழுந்தது 'ஹால் ஆஃப் நேஷன்ஸ்' என்னும் பெருமண்டபம். கட்டடக் கலைஞர் ராஜ் ரேவால்; கட்டமைப்புப் பொறியாளர் மகேந்திர ராஜ். தாங்குதூண் ஒன்றும் இடையில் இல்லாமல், முக்கோணங்கள் பின்னிய வலைபோன்ற சட்டகமே சுவரும் கூரையுமாய் அமைந்தது. இத்தகைய சட்டகங்களைப் பிற நாடுகளில் எஃகினால் செய்வர். எஃகு விலைமிக்கதாகவும் கிடைப்பதற்கு அரிதாகவும் இருந்த அந்நாளைய இந்தியாவில், அதைக் கான்கிரீட்டில், பணியிடத்திலேயே, பல தொழிலாளர்களின் கைகளால் வார்த்து எடுத்தனர்.

இந்திய ஒன்றியச் சட்டப்படி, 1958ஆம் ஆண்டின் தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வர ஒரு கட்டடம் நூறாண்டுக்குக் குறையாத அகவை உடையதாய் இருத்தல் வேண்டும். தில்லியின் பாரம்பரியப் பாதுகாப்புக் குழு, அறுபது ஆண்டுகள் நிறையாத கட்டடங்களைப் பட்டியலில் சேர்க்க இயலாது என்னும் நிலையை மேற்கொண்டது. ஹால் ஆஃப் நேஷன்சுக்கு வயது நாற்பத்தைந்து. கலைஞர்கள் பலர் வேண்டியும், வழக்குத் தொடுத்தும், 2017 ஏப்ரல் மாதத்தில் ஓர் இரவில் அது இடிக்கப்பட்டது. அவ்வளாகத்தில் எழுந்த 'பாரத் மண்டபம்' 2023ஆம் ஆண்டு திறந்து வைக்கப்பட்டது. புதிய கண்காட்சிக் கூடம் நகருக்குத் தேவை என்று கருதியோரின் வாதத்திலும் பொருள் உண்டு. பழைய மண்டபத்தைப் புதிய பயனுக்கு ஏற்பத் திருத்தியிருக்கலாம் என்போரின் வாதம் அதனினும் வலியது.

இடிந்த மண்டபம் இன்று எங்கே இருக்கிறது? வரைபடங்களிலும் ஒளிப்படங்களிலும் இருக்கிறது. மதன் மகத்தா (1932–2014) என்னும் தில்லி ஒளிப்படக் கலைஞர், விடுதலைக்குப் பின் அந்நகரில் எழுந்த புதிய கட்டடங்களை இருபது முப்பது ஆண்டுகளாகக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்து வந்தார். ஹால் ஆஃப் நேஷன்சும் அவற்றுள் ஒன்று. அவர் எடுத்த நாளில் அக்கட்டடங்களுக்கு 'வரலாறு' என்று எதுவும் இல்லை. சாரம் பிரித்த ஈரம்கூடச் சிலவற்றில் காயாமல் இருந்திருக்கும். அப்படங்கள் 2012ஆம் ஆண்டு 'தில்லி மாடர்ன்' என்னும் பெயரில் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, பலர் தாம் நாள்தோறும் கடந்து சென்ற கட்டடங்களை முதன்முறையாக உற்றுநோக்கினர்.

பழங்கட்டடத்துக்குக் காவலர் உண்டு, வேலி உண்டு, சட்டம் உண்டு. நூறு ஆண்டு நிறையாத நற்கட்டடமே துணையின்றி நிற்கிறது. ஒருநாள் பயணத்தில் ஒரு கல்லறையைப் படமெடுப்பவர், அதே பயணத்தில் ஒரு கான்கிரீட் கட்டடத்தையும் படமெடுக்க வேண்டியது இதனாலேயே.

படத்தின் பின்பக்கம்

தோற்றம் அகவையை எப்போதும் சொல்லிவிடாது. இராமகிருஷ்ணபுரத்தில் ஒரு சிறு குன்றின்மேல் அமைந்த உத்தர சுவாமிமலை முருகன் கோயிலைத் தில்லித் தமிழர் அனைவரும் அறிவர். 'மலை மந்திர்' என்று நகரத்தார் அழைக்கும் அக்கோயில் கருங்கல்லால், தென்னாட்டு மரபில் கட்டப்பட்டது. அதன் குடமுழுக்கு நடைபெற்றது 1973ஆம் ஆண்டில். அதாவது ஹால் ஆஃப் நேஷன்ஸ் திறக்கப்பட்ட மறு ஆண்டு. இரண்டின் படங்களையும் அருகருகே வைத்துக் காட்டினால், ஒன்று சோழர் காலத்தது, மற்றொன்று நேற்றையது என்றே காண்போர் சொல்வர். இரண்டும் ஒரே தலைமுறை. எந்தப் படத்துக்கும் ஆண்டும் இடமும் எழுதி வைக்க வேண்டியதன் தேவையை இது காட்டும்.

எழுதி வைக்கப்படாத படங்களையும் சில வேளைகளில் கட்டடமே காலங்காட்டி உதவும். 2014 மே மாதம் தில்லியில் வீசிய கடும்புயலில் உமாயூன் கல்லறையின் குவிமாடத்து உச்சிக் கலசம் விழுந்தது. மரத்தண்டின் மேல் செப்புத்தகடு போர்த்திய கலசம் அது. பொன்முலாம் பூசிய புதிய கலசம் 2016ஆம் ஆண்டு பொருத்தப்பட்டது. ஆகவே கலசம் இல்லாத குவிமாடத்தைக் காட்டும் வண்ணப்படம் ஒன்று கிடைத்தால், அது அவ்விரண்டு ஆண்டுகளுக்குள் எடுக்கப்பட்டது என்று துணியலாம். அதைவிடப் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றில் அத்தோட்டம் முழுவதும் கூடாரங்கள் காணப்பட்டால், அது 1947ஆம் ஆண்டை ஒட்டியதாக இருக்கும். நாட்டுப் பிரிவினையின்போது வீடிழந்து வந்தவர்கள் அங்கும் பழைய கோட்டையிலும் தங்கியிருந்தனர்.

ஒரு கட்டடத்துக்குக் குறைந்தது மூன்று படங்கள் வேண்டும். தெருவும் மரமும் பக்கத்துக் கட்டடமும் தெரிய ஒன்று. கட்டடம் முழுவதும் தெரிய ஒன்று. கைக்கு எட்டும் தொலைவில் கதவு, சாளரம், படி, கல் இணையும் இடம் என ஏதேனும் ஒரு நுணுக்கம் தெரிய ஒன்று. முதற்படத்தைப் பெரும்பாலோர் எடுப்பதில்லை. மின்கம்பியும் வண்டிகளும் அழகைக் கெடுக்கின்றன என்று எண்ணுகின்றனர். ஐம்பது ஆண்டு கழித்துப் பார்ப்பவர் முதலில் தேடுவது அந்த மின்கம்பிகளையும் வண்டிகளையுமே. எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது, எந்நாள், எந்நேரம் என்பவற்றைக் குறிப்பேட்டில் எழுதுதல் நன்று. கைப்பேசி நாளையும் நேரத்தையும் தானே பதிவு செய்யும்; ஆனால் படம் பலர் கைக்கு மாறி வரும்போது அப்பதிவு பெரும்பாலும் தொலைந்துவிடும்.

ஒரே நாளில் ஆறு இடங்களைக் காண முயல்வோர் எதையும் காண்பதில்லை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. இடைப்பட்ட உச்சி வெயிலில் உண்டு, நிழலில் அமர்ந்து, காலையில் எடுத்த படங்களைப் பார்த்துத் தேவையற்றவற்றை நீக்கலாம்.

எவரும் படமெடுக்காத வீடுகள்

தில்லியில் சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர், கஸ்தூர்பா நகர் முதலிய இடங்களில் மத்திய அரசு ஊழியர்களுக்கான குடியிருப்புகள் இருந்தன. ஓரடுக்கும் ஈரடுக்குமான எளிய வீடுகள். முன்னால் சிறு புல்வெளி. வேம்பும் நாவலும் நிழல் செய்யும் தெருக்கள். அரசுப் பணிக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் பல அத்தகைய குடியிருப்புகளில் தலைமுறைக் கணக்கில் வாழ்ந்தன. மழைபெய்யும் நாளில் அப்பளம் உலர்த்த இடம் தேடியதும், மார்கழி விடியலில் குளிரில் நடுங்கியவாறு வாசலில் கோலமிட்டதும் அவ்வீடுகளில்தான். இத்தகைய ஏழு குடியிருப்புகளை இடித்து அடுக்குமாடிகளாகக் கட்ட 2016ஆம் ஆண்டு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பல தெருக்கள் இன்று இல்லை. வெட்டப்படவிருந்த மரங்களுக்காக 2018ஆம் ஆண்டில் மக்கள் திரண்டனர், வழக்கும் நடந்தது. வீடுகளுக்காகத் திரண்டவர் குறைவு.

அவ்வீடுகளின் படங்கள் எத்தனை வீடுகளில் இருக்கின்றன? பிறந்தநாள் படங்கள் இருக்கும். அவற்றில் அணிச்சலுக்குப் பின்னால் ஒரு சுவரும், பாதிச் சாளரமும், பச்சை வண்ணம் பூசிய கதவின் ஓரமும் தெரியும். வீட்டை வீடாக, தெருவோடு சேர்த்து, எதிரே நின்று எடுத்த படம் அரிதாகவே இருக்கும். அது நினைவுச்சின்னம் அன்று என்பதால் எவருக்கும் தோன்றவில்லை.

விடுமுறைக்குச் செல்லும் ஊரிலும் நிலை இதுவே. கோயில் கோபுரத்தை எடுக்காதவர் இல்லை. தாத்தாவின் வீட்டுத் திண்ணையை, முற்றத்தில் விழும் வெயிலை, நாட்டு ஓடு வேய்ந்த தாழ்வாரத்தை, கதவில் தச்சன் செதுக்கிய இலட்சுமியை எடுத்து வைத்தவர் சிலரே. திண்ணை வைத்துக் கட்டும் வழக்கம் ஏறத்தாழ நின்றுவிட்டது. பங்கு பிரிக்கும்போது முற்றத்தின் நடுவே சுவர் எழும்புகிறது. சாலையை அகலமாக்கும்போது முதலில் போவது திண்ணை. காலை பத்து மணி அளவில், முற்றத்துச் சுவரில் வெயில் இறங்கும்போது எடுக்கத் தொடங்கினால், ஒரு மணி நேரத்தில் ஒரு வீடு முழுவதையும் எடுத்துவிடலாம். திண்ணையில் தாத்தா அமர்ந்திருக்கட்டும். உயரத்துக்கு அளவுகோலாகவும் இருப்பார்; அந்தத் தூண் எந்த ஆண்டு எங்கிருந்து வந்த மரம் என்று சொல்லவும் செய்வார்.

பயிற்சி

அ. பொருள் அறிக
குவிமாடம் – கவிழ்த்த கிண்ணம் போன்ற கூரை
திருச்சுற்று – கோயிலின் சுற்றுவழி, பிரகாரம்
எதிர்ப்படம் – ஒளியும் நிழலும் மாறிப் பதிந்த முதற்படம்
வில்லை – ஒளியைக் குவிக்கும் கண்ணாடி
அகவை – வயது
துணிதல் – முடிவு செய்தல்

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக
1. நியெப்ஸ் எடுத்த படத்தில் எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டிலும் வெயில் காணப்படுவது ஏன்?
2. உமாயூன் கல்லறையின் மேற்கு முகப்பைப் பிற்பகலில் எடுப்பது ஏன் பொருத்தமானது?
3. கலசம் இல்லாத குவிமாடத்தின் படத்தை எந்த ஆண்டுகளுக்கு உரியது எனத் துணியலாம்?

இ. விரிவாக விடை எழுதுக
1. ஹால் ஆஃப் நேஷன்சை இடித்தது சரியா? இரு தரப்பு வாதங்களையும் எடுத்துரைத்து உம் கருத்தை எழுதுக.
2. மலை மந்திரும் ஹால் ஆஃப் நேஷன்சும் ஒரே தலைமுறைக் கட்டடங்கள். அவற்றின் படங்கள் தரும் தோற்றம் காண்போரை எவ்வாறு மயக்குகிறது?

ஈ. செயல்
நீங்கள் குடியிருக்கும் கட்டடத்தைப் பாடத்தில் கூறிய மூன்று முறைகளிலும் படமெடுக்கவும். ஒவ்வொரு படத்தின் கீழும் நாள், நேரம், நோக்கிய திசை ஆகியவற்றைத் தமிழில் எழுதவும். அக்கட்டடம் எந்த ஆண்டு கட்டப்பட்டது என்று வீட்டுப் பெரியோரையோ அண்டை வீட்டாரையோ கேட்டு, அவர்கள் சொன்னதை ஐந்து தொடர்களில் எழுதி வகுப்பில் படிக்கவும்.